மறுத்து நின்ற போர்க்கலம்: ‘பற்றில்ஸ்ரார் கலக்ரிக்கா’வின் றெயிடர் பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானப் புனைகதைகளில் வரும் கருவிகளை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வதில் எம்மிடையே ஒரு தயக்கம் இருந்துவருகின்றது. கதைமாந்தரை ஆராயலாம், கதையினூடாக வெளிப்படும் கருத்துநிலையை ஆராயலாம்; கதையில் வரும் ஒரு விமானத்தில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்கப்படுவதுண்டு. பெரும்பாலும் இக்கேள்வி நியாயமானதே. இவ்வகைப் படைப்புகளின் விண்கலங்களிற் பல, பொம்மைக் கடைகளை மனத்திற்கொண்டே வரையப்படுகின்றன. எனினும், ஒரோவழி ஒரு கருவி தன்னை ஆக்கியோர் கருதியதற்கும் அப்பாற் சென்று, உழைப்பவனுக்கும் உழைப்பிப்பவனுக்கும் இடையிலான உறவைப் பற்றி எமக்குச் சிலவற்றைக் கூறிவிடுகின்றது. ‘பற்றில்ஸ்ரார் கலக்ரிக்கா’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் றெயிடர் என்ற போர்க்கலம் அத்தகையது. முப்பதாண்டுக் காலத்தில் இக்கலம் அடைந்த மாற்றத்தையும், அம்மாற்றத்தின் முடிவில் அது போரிட மறுத்தமையையும் இங்கு நோக்குவோம்.

தொடர் இருமுறை ஆக்கப்பட்டது. கிளென் லார்சன் உருவாக்கிய முதலாவது தொடர் 1978 செப்ரெம்பர் 17ஆம் திகதி ஏ.பி.சி. அலைவரிசையில் ஆரம்பமாயிற்று. ‘ஸ்ரார் வோர்ஸ்’ திரைப்படம் வெளியாகி ஓராண்டே கழிந்திருந்த காலம் அது. அப்படத்தின் சிறப்புக் காட்சிகளை அமைத்த ஜோன் டைக்ஸ்ராவே இத்தொடரிலும் பணியாற்றினார். ‘ஸ்ரார் வோர்ஸ்’ நிறுவனத்தார் தமது படம் களவாடப்பட்டதாக வழக்கும் தொடுத்தனர். கதை எளியது. மனிதரின் பன்னிரு குடியேற்ற உலகங்களைச் சைலன்கள் என்னும் யந்திர இனம் அழித்துவிடுகின்றது. எஞ்சியோர் கலக்ரிக்கா என்ற ஒரே போர்க்கப்பலின் காவலில் புதிய உலகொன்றைத் தேடி ஓடுகின்றனர். இம்முதற்றொடரில் சைலன்கள் மனிதரின் படைப்பல்லர். ஊர்வன வகையைச் சேர்ந்த ஏதோவோர் அந்நிய இனம் ஆக்கிய யந்திரங்கள், ஆக்கியோர் அழிந்த பின்னரும் போரைத் தொடர்கின்றன என்பதே அங்கு தரப்படும் விளக்கம். எதிரி எங்கிருந்தோ வந்தவன். அவனுக்கும் எமக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவுமில்லை.

அத்தொடரின் றெயிடர் ஒரு தட்டையான வட்டக்கலம். அதனுள்ளே செஞ்சூரியன் எனப்படும் மூன்று உலோக வீரர்கள் இருக்கைகளில் அமர்ந்திருப்பர்: இருவர் ஓட்டுவர், ஒருவர் கட்டளையிடுவார். யந்திரம் யந்திரத்தினுள் ஏறி உட்கார்ந்து, கைகளால் விசைகளை அழுத்தி, வாய்விட்டு ஒன்றுக்கொன்று செய்தி கூறிக்கொள்ளும் இக்காட்சி இன்று எமக்கு நகைப்பூட்டலாம். இரண்டாம் உலகப்போர் பற்றிய திரைப்படங்களிற் கண்ட குண்டுவீச்சு விமானத்தின் குழுவினரே இங்கு உலோகச் சட்டை அணிந்து வந்துள்ளனர். ஆனால் நாம் அவதானிக்கவேண்டியது வேறொன்று. இங்கு கலம் வெறும் கருவி. ஓட்டுபவன் வேறு, ஓட்டப்படுவது வேறு. எனவேதான் அத்தொடரின் இறுதி அத்தியாயத்தில், 1979 ஏப்ரலில், மனித விமானிகள் இருவர் கைப்பற்றிய றெயிடரொன்றில் ஏறி அமர்ந்து எதிரியின் தாய்க்கப்பலுக்குள்ளேயே செல்ல முடிகின்றது. இருக்கை யாருக்கும் பொதுவானது.

றொனால்ட் மூர், டேவிட் ஐக் ஆகியோர் 2003 டிசெம்பரில் இக்கதையைப் புதிதாகத் தொடங்கியபோது செய்த மிகப் பெரிய மாற்றம் சைலன்களின் பிறப்புப் பற்றியதாகும். இப்போது அவர்கள் மனிதர் தமது வேலைகளுக்காகவும் தமது போர்களுக்காகவும் ஆக்கிக்கொண்ட அடிமைகள். அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர், போர் நிகழ்ந்தது, உடன்படிக்கை ஏற்பட்டது, நாற்பதாண்டுகள் கழித்து அவர்கள் மீண்டுவந்து எசமானரின் உலகங்களை அழித்தனர். இதனால் கதை தன் மூலத்துக்கே திரும்பியது எனலாம். ‘றோபோ’ என்ற சொல் செக் மொழி எழுத்தாளர் காரெல் சப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியாகவே உலக வழக்குக்கு வந்தது. அதன் அடியான செக் சொல் நிலப்பிரபுவுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்த கட்டாய உழைப்பைக் குறிப்பது. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ‘ஊழியம்’ என்று வழங்கியதும் இத்தகையதே. ‘யந்திரமனிதன்’ என்று நாம் பெயர்த்துக்கொண்டபோது அச்சொல்லின் வரலாற்றை இழந்துவிட்டோம். சப்பெக்கின் நாடகத்திலும் ஆக்கப்பட்ட ஊழியர்கள் இறுதியில் கிளர்ச்சி செய்கின்றனர்.

புதிய றெயிடரில் இருக்கை இல்லை. விமானிக்குரிய அறையும் இல்லை. முன்னோக்கி வளைந்த இரு இறக்கைகளும் அவற்றின் நடுவே ஒரு தலையும், தலையில் இடம்வலமாக ஓடும் செந்நிறக் கண்ணுமே உள்ளன. முன்னர் செஞ்சூரியனின் முகத்தில் இருந்த கண் இப்போது கலத்தின் முகத்துக்கு வந்துவிட்டது. தொடக்க அத்தியாயத்தில் இக்கலங்கள் தோன்றும் காட்சி குறிப்பிடத்தக்கது. மனிதரின் புத்தம்புதிய வைப்பர் விமானங்கள் அணிவகுத்து எதிர்கொள்கின்றன. றெயிடர்கள் உடனே சுடவில்லை. ஒரு சமிக்ஞையை அனுப்புகின்றன. கணினி வலைப்பின்னலினால் இணைக்கப்பட்டிருந்த வைப்பர்கள் அனைத்தும் ஒரே நேரத்திற் செயலிழந்து மிதக்கின்றன. அதன் பின்னரே அவை சுட்டு வீழ்த்தப்படுகின்றன. தப்பியவை, அருங்காட்சியகப் பொருளாகிவிட்டிருந்த கலக்ரிக்காவில் பார்வைக்கென வைக்கப்பட்டிருந்த பழைய வைப்பர்களே. வலைப்பின்னலில் அவை இணைக்கப்பட்டிருக்கவில்லை. அவற்றை ஓட்ட மனிதக் கை தேவைப்பட்டது. அக்குறையே அவற்றின் காப்பாயிற்று.

பார்வையாளர் இதுவரை கண்டது யந்திரம் மனிதனைக் கடந்துவிட்டது என்ற பழகிப்போன கதையை. முதற்பருவத்தின் ஐந்தாம் அத்தியாயம் இவ்வெண்ணத்தைக் குலைக்கின்றது. ஸ்ரார்பக் என்ற பெண் விமானி, தன்னால் வீழ்த்தப்பட்ட றெயிடருடன் தானும் ஒரு தரிசு நிலாவில் வந்து வீழ்கிறாள். (முதற்றொடரில் ஸ்ரார்பக் ஆணாக இருந்தமையும், இம்மாற்றம் பழைய இரசிகர் பலரைச் சினங்கொள்ள வைத்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கன.) முழங்காலிற் காயம், பிராணவாயு குறைந்துகொண்டு வருகின்றது. அந்தக் கலம் அருகிற் கிடக்கின்றது. அவள் அதன் வயிற்றுப்புறத்தைத் திறந்து உள்ளே புகுகிறாள். அங்கே கம்பிகளும் பற்சக்கரங்களும் இல்லை. தசை இருக்கின்றது, குருதி இருக்கின்றது, நாற்றம் இருக்கின்றது. இறந்த ஒரு பிராணியின் உள்ளுறுப்புகளை அகற்றி இடம் ஏற்படுத்திக்கொண்டு, அதன் மூளைக்குப் பிராணவாயு சென்ற குழாயைத் தன் வாயில் வைத்து மூச்செடுக்கிறாள். தசைநாண்களை இழுத்துப் பார்த்து, எந்த நாணை இழுத்தால் கலம் எப்பக்கம் திரும்பும் என்பதைக் கண்டறிந்து, அவ்வுடலைத் தன் கப்பல்வரை ஓட்டி வருகிறாள். தன்னவர் தன்னைச் சுட்டுவிடாதிருக்கும் பொருட்டு இறக்கையின் அடியில் தன் பெயரைப் பொறித்து, இறக்கைகளை அசைத்துக் காட்டுகிறாள்.

இக்காட்சியையும் 1979இன் காட்சியையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுள்ளது. எதிரியின் கலத்தில் எம்மவர் வருகின்றனர், இறக்கையசைப்பே அடையாளம். ஆனால் முன்னையதில் அவர்கள் இருக்கையில் அமர்ந்து வந்தனர். பின்னையதில் அவள் ஒரு சடலத்தினுள் ஊர்ந்து வருகிறாள். றெயிடரிலிருந்து விமானி நீக்கப்பட்டான் என நாம் எண்ணியிருந்தது தவறு. விமானி நீக்கப்படவில்லை, அவனே விமானமாக ஆக்கப்பட்டுவிட்டான். இருக்கையிலிருந்து எழுந்து செல்லக்கூடிய ஒருவன், எழுந்து செல்லவியலாதவாறு இருக்கையோடு சேர்த்து வளர்க்கப்பட்டுவிட்டான். தானியங்கி என்று எமக்குக் காட்டப்படுவதன் உள்ளே எவருடைய உடல் இருக்கின்றது என்ற வினாவை, எந்தவொரு பிரசங்கமுமின்றி, குருதியும் நாற்றமுமாக இவ்வத்தியாயம் முன்வைக்கின்றது. எமது கணிப்பில் தொடர் முழுவதிலும் இதனிலும் துணிவான காட்சி வேறில்லை.

வெறும் யந்திரமே போதுமாயின் ஏன் உயிருள்ள மூளை? இதற்கான விடை இரண்டாம் பருவத்தில், 2006இல் ஒளிபரப்பான ‘வடு’ என்ற பொருள்படும் தலைப்புடைய அத்தியாயத்தில் கிடைக்கின்றது. முகத்தில் வடுவுடைய ஒரு றெயிடர் மனித விமானிகளை ஒருவர் பின் ஒருவராக வீழ்த்திக்கொண்டிருக்கின்றது. மனிதரிடம் சிறைப்பட்டுள்ள சைலன் பெண் காரணத்தை விளக்குகிறாள்: மனித உருவச் சைலன்களைப் போலவே றெயிடர்களும் இறந்த பின் புதிய உடலில் மீண்டெழுகின்றன, ஒவ்வொரு சாவிலும் பெற்ற அனுபவம் அடுத்த உடலுக்குச் செல்கின்றது. ஒரு நல்ல விமானியைப் பயிற்றுவிக்க நீண்ட காலம் செல்கின்றது. அவன் இறந்தால் அத்தேர்ச்சியும் இறந்துவிடுகின்றது. அவ்விழப்பைத் தவிர்ப்பதற்கே இந்த ஏற்பாடு.

தொழிலாளியின் தேர்ச்சியை அவனிடமிருந்து பிரித்து யந்திரத்துக்கு மாற்றுதல் கைத்தொழிற் புரட்சி தொட்டு நிகழ்ந்துவருவது. மூலதனத்தை ‘இறந்த உழைப்பு’ என மார்க்ஸ் கண்டதும் இந்த வழியிலேயே. றெயிடரில் இது விபரீதமான ஓர் எல்லையை அடைகின்றது. இங்கு உழைப்பாளியின் தேர்ச்சி மட்டுமன்றி அவனது சாவும் பயிற்சியாக மாற்றப்பட்டுவிடுகின்றது. சாவுகூட அவனுக்கு ஓய்வைத் தருவதில்லை. ஓய்வு தராததோடு, ஒவ்வொரு சாவின் நோவையும் அவன் நினைவில் விட்டுச் செல்கின்றது. அவ்வத்தியாயத்தின்போது மீட்டுயிர்ப்புக்கு வேண்டிய கப்பலை மனிதர் அழித்துவிட்டிருந்தனர். ஆகவே வடுவுடைய றெயிடர் இனி இறந்தால் மீளாது. அதை உணர்ந்ததுபோற் பதுங்கிப் பதுங்கிப் போரிடுகின்றது. அச்சம் உண்டானதும் அதற்கு ஒருவகை ஆளுமையும் உண்டாகிவிடுவதைப் பார்வையாளர் உணர்கின்றனர்.

‘ஸ்ரார் வோர்ஸ்’ வரிசையில் 1999இல் வெளிவந்த படத்தில் வரும் ‘வல்ச்சர்’ (பிணந்தின்னிக் கழுகு) என்ற தானியங்கிப் போர்க்கலத்தை இதனோடு ஒப்பிடலாம். அதுவும் விமானியற்றது. வணிகக் கூட்டமைப்பொன்றின் உடைமையான அக்கலங்கள் ஒரு மத்திய கட்டுப்பாட்டுக் கப்பலின் சமிக்ஞையால் இயங்குகின்றன. ஒரு சிறுவன் அக்கப்பலை அழித்ததும் முழுப்படையும் நூலறுந்த பாவைகளாகின்றது. அவற்றுக்குச் சொந்த மதிப்பீடு இல்லையாகையால் அவை மறுக்கப்போவதுமில்லை. ஆனால் ஒரு குண்டில் அனைத்தும் வீழ்ந்துவிடும். இந்த இடர்ப்பாட்டைத் தவிர்க்க விரும்பும் எசமானன் ஒவ்வொரு கலத்துக்கும் தனித்தனியே மதிப்பிடும் ஆற்றலைக் கொடுத்தாகவேண்டும். கொடுத்தபின் அவ்வாற்றல் அவன் விரும்பிய திசையில் மட்டுமே செல்லும் என்பதற்கு உறுதியில்லை. வல்ச்சருக்கும் றெயிடருக்கும் இடையில் எசமானனுக்கு மூன்றாவது தெரிவு இல்லை என்பதே இவ்விரு கற்பனைகளும் சேர்ந்து காட்டும் முரண்பாடு.

அம்முரண்பாடு 2008 ஏப்ரலில், நான்காம் பருவத்தின் தொடக்கத்தில் வெடிக்கின்றது. மனிதரின் கப்பற்கூட்டத்தைச் சைலன்கள் சூழ்ந்துகொள்கின்றனர், அழிவு நிச்சயம். அன்டேர்ஸ் என்ற புதிய விமானியின் வைப்பரை ஒரு றெயிடர் நேருக்கு நேர் எதிர்கொள்கின்றது. தான் சைலன் என்பதைச் சற்று முன்னரே அறிந்து கலங்கியிருப்பவன் அவன். றெயிடரின் செங்கண் அவனைத் துழாவுகின்றது. அவனது கண்ணில் ஒரு கணம் செவ்வொளி தோன்றி மறைகின்றது. அவ்வளவில் அந்த றெயிடர் திரும்புகின்றது; அதனைத் தொடர்ந்து அனைத்தும் திரும்பிச் சென்றுவிடுகின்றன. மனிதக் கப்பல்களில் இருப்போருக்கு என்ன நடந்ததென்றே விளங்கவில்லை.

அடுத்த அத்தியாயம் எசமானரின் கூடத்தில் நிகழ்கின்றது. சைலன் சமூகம் சமத்துவமான ஒன்றெனவே அதுவரை தோற்றமளித்தது. முடிவுகள் வாக்கெடுப்பினாலேயே எடுக்கப்பட்டன. வாக்களித்தோர் யாவர் என்ற கேள்வி இப்போதுதான் எழுகின்றது. மனித உருவம் பெற்ற மாதிரிகளுக்கு மட்டுமே வாக்கு. செஞ்சூரியன்களுக்கும் றெயிடர்களுக்கும் இல்லை. முதற்போரிற் குருதி சிந்தி விடுதலை பெற்ற உலோக வீரரின் வழிவந்தோர் இப்போது மூளையில் ஒரு தடுப்புக்கருவி பொருத்தப்பட்டு, சுமை தூக்குவோராகவும் காவலராகவும் ஊமைகளாய் நிற்கின்றனர். றெயிடர்கள் அவர்களிலும் கீழ்ப்படியில் உள்ளன. கிளர்ந்தெழுந்த அடிமைகளின் பெயரால் ஆட்சி செய்வோர் அடிமைமுறையை அப்படியே வைத்துக்கொண்டுள்ளனர்.

றெயிடர்கள் மறுத்தமைக்கு கவில் என்ற முதல் மாதிரி கண்ட பரிகாரம் அறுவைச் சிகிச்சை. அவற்றின் மூளையில் மதிப்பிடும் பகுதியை வெட்டியகற்றி, கட்டளைக்குப் பணியும் அளவுக்கு மட்டும் எஞ்சவிடவேண்டும் என்பது அவனது யோசனை. கவிலின் பார்வையில் இது பழுதுபார்த்தல். கருவி பழுதுபட்டால் திருத்துவதுதானே முறை. நற்றலி என்ற ஆறாம் மாதிரிப் பெண்ணோ அவற்றின் மறுப்பு ஒரு தீர்மானம் என்று வாதிடுகிறாள். வாக்கெடுப்பில் ஆறு மாதிரிகளும் மூன்றுக்கு மூன்றாகப் பிரிகின்றன. பூமர் என்ற எட்டாம் மாதிரிப் பெண் தன் மாதிரியினரை விட்டு விலகிக் கவிலுடன் சேர்வதால் அவன் வெல்கிறான். விவாதம் நடப்பது றெயிடர்களின் மூளையைப் பற்றி. விவாதத்தில் றெயிடர் இல்லை. வாக்கிலே தோற்ற நற்றலி செஞ்சூரியன்களின் தடுப்புக்கருவிகளை அகற்றிவிட்டு, என்ன நடக்கின்றதென அவர்களுக்குத் தெரிவிக்கிறாள். செய்தியை அறிந்த செஞ்சூரியன்கள் கூடத்தினுள் வந்து கவிலையும் அவன் தரப்பாரையும் சுட்டுத்தள்ளுகின்றனர். கீழ்ப்படியில் உள்ள ஒரு பிரிவினருக்காக இன்னொரு பிரிவினர் துப்பாக்கியைத் திருப்பிய இக்கட்டத்தில் சைலன்களின் உள்நாட்டுப் போர் தொடங்குகின்றது.

கவில் அஞ்சியது பணியாமையை மட்டுமன்று என்பதைப் பின்வந்த, 2009இல் ஒளிபரப்பான அத்தியாயமொன்றால் அறிகிறோம். மனித உருவச் சைலன்களை ஆக்கிய ஐவரை நினைவழித்து மனிதரிடையே மறைத்துவைத்தவன் அவனே. அன்டேர்ஸ் அவ்வைவரில் ஒருவன். தன் உடன்பிறந்தாரிடம் கவில் மறைத்த உண்மையை றெயிடர் ஒரு பார்வையிற் கண்டுகொண்டது. எனவே அந்த வெட்டு, கையை முடமாக்கும் வெட்டன்று; கண்டதைக் கண்டதாகக் கொள்ளும் ஆற்றலை நீக்கும் வெட்டு. மனநோயாளருக்கெனப் போர்த்துக்கேய மருத்துவர் எகாஸ் மொனிஸ் 1935இல் தொடக்கிய மூளை அறுவையும் அமைதியாக்குதலையே குணமாக்குதல் எனக் கொண்டது. அதற்கு 1949இல் நோபல் பரிசும் வழங்கப்பட்டமை மருத்துவ வரலாறு மறக்க விரும்பும் செய்திகளுள் ஒன்று.

இவை கதைக்குள் அடங்கிவிடும் கேள்விகளல்ல. 2009 மார்ச்சில் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் இத்தொடரை முன்னிட்டு மனித உரிமை, ஆயுத மோதல் ஆகியன பற்றிய கருத்தரங்கொன்று நடைபெற்றது. அதன் பின்னர் நிலைமை வெகுதூரம் சென்றுவிட்டது. 2020 ஓகஸ்ட்டில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகவரகம் நடத்திய கணினிவழிப் போட்டியில், செயற்கை நுண்ணறிவு நிரலொன்று தேர்ந்த எப்-16 விமானியொருவரை ஐந்துக்குப் பூச்சியம் என்ற கணக்கில் தோற்கடித்தது. 2023இல் அத்தகைய நிரல்கள் மெய்யான விமானமொன்றை வானிலேயே ஓட்டி, மனிதன் செலுத்திய எப்-16 ஒன்றுடன் போர்ப்பயிற்சியில் ஈடுபட்டன. பாதுகாப்புக்கென விமானிகள் உள்ளே அமர்ந்திருந்தனர். அதே ஆண்டு டிசெம்பரில், தாமாகவே இலக்கைத் தெரிந்து கொல்லும் ஆயுதங்கள் பற்றி ஐ.நா. பொதுச்சபை தீர்மானமொன்றை நிறைவேற்றியது.

இவ்விவாதங்களில் யந்திரம் தவறிழைக்குமா என்பதே பெரிதும் கேட்கப்படுகின்றது. றெயிடர் எழுப்பும் கேள்வி வேறு. 1983 செப்ரெம்பர் 26ஆம் திகதி இரவு, சோவியத் முன்னெச்சரிக்கை நிலையமொன்றில் கடமையிலிருந்த ஸ்ரனிஸ்லாவ் பெத்றோவ் என்ற அதிகாரி, அமெரிக்கா ஏவுகணைகளை ஏவியுள்ளதாகக் கணினி அறிவித்தபோது, அதனைப் பிழையான சமிக்ஞை எனத் தாமே மதிப்பிட்டு அவ்வாறே மேலிடத்துக்கு அறிவித்தார். அவர் கணித்ததே சரியாயிற்று. அன்றைய இருக்கையில் அவருக்குப் பதிலாக வல்ச்சர் இருந்திருக்கலாம். அறுவைக்குட்பட்ட றெயிடரும் இருந்திருக்கலாம். பிழையற்ற கணிப்பை நோக்கி எத்தனையோ ஆய்வுகள் நடைபெறுகின்றன. மறுப்பதற்கான இடத்தை ஒரு படைக்கருவியில் எங்கே வைப்பது என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயுதம் வாங்குவோர் விரும்பும் பண்பு அதுவன்று.

தொடரின் குறையையும் கூறவேண்டும். றெயிடர்களின் மறுப்பை அதனை ஆக்கியோர் தம் கையிலிருந்தே நழுவவிட்டனர். தம்மை ஆக்கியோரைத் தாக்கலாகாது என்ற ஏதோவோர் உட்பொதிந்த உணர்வே அவற்றைத் திருப்பியது என்று கதை விளக்குகின்றது. எதிரே நின்ற மனிதரைப் பற்றி அவை எண்ணியதாகக் காட்டவில்லை. புனிதமானவரைக் கண்டு பின்வாங்குதல் வேறு, கொலைத்தொழிலை மறுத்தல் வேறு. நற்றலியின் சொற்களில் மறுப்பாக ஒலிப்பது கதையின் போக்கில் பக்தியாகச் சுருங்கிவிடுகின்றது. அடுத்த அத்தியாயத்தில் கவில் சமரசம் பேசி நற்றலியின் தரப்பினரை வரவழைத்துத் தாக்கும்போது றெயிடர்கள் மீண்டும் சுடுகின்றன. அறுவை பலித்துவிட்டதென ஊகித்துக்கொள்ளவேண்டியவர்கள் பார்வையாளர்களே. அவ்விழப்புக்கென ஒரு காட்சியும் ஒதுக்கப்படவில்லை.

2009 மார்ச் 20ஆம் திகதி ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தில் மனிதரும் எஞ்சிய சைலன்களும் ஓர் உலகில் இறங்கிக் குடியேறுகின்றனர். தம்முடன் நின்ற செஞ்சூரியன்களுக்கு விடுதலையும், விரும்பிய இடம் செல்லத் தாய்க்கப்பலொன்றும் வழங்கப்படுகின்றன. அக்கப்பல் மேலெழுந்து மறைகின்றது. றெயிடர்களைப் பற்றி எவரும் எதுவும் கூறுவதில்லை.